வளையத்தின் வழியே

கோட்டைப்பட்டினத்தில் துப்பாக்கி என்ற சொல் கடலையே நினைவூட்டும். பாக் நீரிணையில் வலைவிரிக்கச் சென்று குண்டடிபட்டு மாண்டவர்களின் கதைகள் 1980-களிலிருந்தே இக்கரையோரத்தில் சொல்லப்பட்டு வருகின்றன. ஆகவே, எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னிடம் வந்து, "சாமி, என் துப்பாக்கிக்குக் கண்ணாடி போடணும், துணைக்கு வர்றீங்களா?" என்று கேட்டபோது சற்றே திடுக்கிட்டேன்.

அவருடைய தந்தை வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தவர். தாயகம் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் அவருக்கு விட்டுச்சென்றது, மார்லின் 39ஏ என்னும் அமெரிக்க ரைபிள். விசைக்குக் கீழே வளைந்திருக்கும் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெற்றுத் தோட்டா வெளியே விழும். அடுத்தது உள்ளே ஏறும். 0.22 அங்குலச் சிறு தோட்டாதான். வேட்டை 1972-ஆம் ஆண்டின் சட்டத்தோடு முடிந்தது. அதன்பின் அத்துப்பாக்கி பெட்டியில் உறங்கியது. தேர்தல்தோறும் காவல் நிலையம் போய்வந்தது.

உரிமம் பெற்றவர் எழுபது வயதை எட்டிவிட்டால், வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்க 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடமளிக்கின்றன. கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையில் சுடப் பழகிய மகளுக்கு அதைக் கொடுக்கப் பெரியவர் எண்ணியிருந்தார். ஆனால், "கோணலா சுடுற துப்பாக்கிய பிள்ளை கையில குடுக்கலாமா, சாமி?" என்பது அவர் கவலை.

உண்மையில், கோணல் துப்பாக்கியில் இல்லை. அவர் கண்ணில் இருந்தது. சாதாரணத் துப்பாக்கியில் மூன்றைப் பார்க்க வேண்டும்: அருகே பின்குறியின் பள்ளம், குழல்முனையில் முன்குறியின் மணி, தொலைவில் இலக்கு. மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காண முடியும். இளமையில் கண் ஓடியோடிச் சமாளிக்கும். வாசக நூலைக் கைநீட்டித் தள்ளிப் பிடிக்கும் வயது வந்துவிட்டால் – நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன் – பள்ளம் கம்பளிப்புழுவாகிவிடும்.

இதற்கு மருந்துதான் துளைக்குறி. கண்ணுக்கு அருகே சிறு துளையுள்ள ஒரு வட்டு, அவ்வளவே. துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியே பார்க்க வேண்டும். வட்டத்தின் நடுவை நாடுவது கண்ணின் இயல்பு. முன்குறி தானாகவே அங்கு வந்து நிற்கும். சிறு துளை, சிதறும் ஒளியைத் தடுப்பதால் அருகும் தொலைவும் ஒருங்கே துலங்கும். அமெரிக்கரான வில்லியம் லைமன் 1879-இல் இத்தகைய குறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டதும் துளைக்குறி வழியாகவே.

திருச்சியில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனோம். "உக்காருங்க பாதர்" என்று எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, குழல்மேல் இருந்த பழைய பின்குறியைப் பித்தளைக் கம்பி வைத்து இடமிருந்து வலமாகத் தட்டிக் கழற்றினார். துப்பாக்கி உடலின் இடப்பக்கம், தொழிற்சாலையிலேயே இட்ட இரு திருகுத் துளைகள் தூர்ந்துகிடந்தன. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் புதிய குறியைப் பொருத்தினார். ஆனால், இரண்டாம் திருகை இறுக்கியதும் பிடி பாதியில் நின்றுவிட்டது. பெரியவரின் முகம் வாடியது. "ஒண்ணுமில்லீங்க ஐயா, திருகு ஒரு புரி நீளம்" என்று அதன் நுனியை அவர் அராவினார். நுனி உள்ளே ஓடும் போல்ட்டை உரசியிருக்கிறது.

மறு வாரம் மாவட்டத்து ரைபிள் கழகம் ஒன்றின் சுடுதளத்தில் சோதித்தோம். 25 மீட்டரில், குறியை அடிமட்டம்வரை இறக்கியும், குண்டுகள் 7 சென்டிமீட்டர் மேலேயே பாய்ந்தன. பின்குறியைக் குண்டு போக வேண்டிய திசைக்கும், முன்குறியை அதற்கு எதிர்த்திசைக்கும் நகர்த்த வேண்டும். இரு குறிகளுக்கும் இடைத்தொலைவு 70 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், முன்குறி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர வேண்டும். உயரமான முன்குறி வந்து சேர மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

புதிய ஏற்பாடு பாவத்திற்குப் பயன்படுத்தும் 'ஹமார்த்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதற்பொருள் குறி தவறுதல் என்று குருமடத்தில் படித்தோம். எபிரேயத்திலும் அப்படியே, நீதித் தலைவர்கள் 20:16-இல், மயிரிழையும் தவறாது கவணெறிந்த பென்யமின் குலத்து இடக்கையர் எழுநூறு பேரைப் பற்றிச் சொல்லும் வினையும் அதே வேர்தான். எத்தனையோ மறையுரைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். சுடுதளத்தில் மட்டும் அது என் நாவில் எழவில்லை. குறி தவறாமலும் ஒருவர் சாகக்கூடும் என்பது நினைவில் இருந்தது.

2021 டிசம்பர் 30 அன்று, நம் மாவட்டத்தின் நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளமொன்றிலிருந்து சென்ற குண்டு பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 சனவரி 3-இல் அவன் இறந்தான். இந்தச் சிறு தோட்டாவே தடையின்றிப் பறந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். துளைக்குறி இலக்கைத் துலக்கும். வளையத்திற்கு வெளியே உள்ளதை மங்கலாக்கும். இலக்கின் பின்னே இருப்பதைக் காட்டவே காட்டாது. அதன் நேர்த்தியை இவ்வளவு புகழ்ந்த நான், இதையும் சொல்லியாக வேண்டும்.

உயர்ந்த முன்குறியுடன் மகள் ஐந்து தோட்டாக்கள் சுட்டார். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்திற்குள் அடங்கின. "இப்ப நீங்க சுடுங்கப்பா" என்றார். பெரியவர் படுத்து, வளையத்தின் வழியே நெடுநேரம் பார்த்தார். "சாமி, இருபது வருசத்துக்குப் பிறகு மணி தெரியுது" என்றார். பின்பு பிடியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மண்மேட்டை நோக்கி நடந்தார். அதைச் சுற்றிவந்து, அப்பால் பொட்டலில் எவரேனும் ஆடு மேய்க்கிறார்களா என்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். காலையில் தளக் காவலரும் பார்த்ததுதான். திரும்பி வந்து சுட்டார். நான்கு தோட்டா சுட்டதும் மீண்டும் எழுந்து நடந்தார்.

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரும் எழுந்து தந்தையோடு போனார்.