மாட்டு டாக்டர்களோட மூணு நாள்

போன செமஸ்டர் லீவுல நீங்க எல்லாரும் இன்டர்ன்ஷிப், இன்பிளான்ட் டிரெய்னிங்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு இருந்தப்ப, நான் ஒரு பஸ்ஸுக்குள்ள தலை எண்ணிட்டு இருந்தேன். நிஜமாத்தான்.

என் மாமா கோயம்புத்தூர்ல டூரிஸ்ட் வண்டி விடறார். ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்த வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்கள் 19 பேர், அது முடிஞ்சதும் மூணு நாள் நீலகிரி சுத்திப் பார்க்கணும்னு வண்டி கேட்டிருந்தாங்க. வழக்கமா போற கைடுக்குக் காய்ச்சல். "டேய், உனக்கு இங்கிலீஷ் வரும்ல, நீ போயிட்டு வாடா"ன்னு மாமா சொல்லிட்டார். இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு எல்லா வேலையும் தெரியும்னு நம்ம சொந்தக்காரங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கே, அதுதான்.

நேபாளம், இலங்கை, கென்யா, ஜெர்மனி, ஆஸ்திரேலியான்னு கலவையான கூட்டம். முதல் நாளே எனக்கு ஒரு பாடம். ஆளுக்கு ரெண்டு வாட்டர் பாட்டில்னு பெட்டி பெட்டியா வாங்கி ஏத்தியிருந்தேன். நீலகிரிக்குள்ள பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடைன்னு அடிவாரச் செக்போஸ்ட்டில் எல்லாத்தையும் இறக்கிட்டாங்க. டிரைவர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க! அப்புறம் வழியில ரெண்டு எவர்சில்வர் குடம் வாங்கித்தான் பொழப்பு ஓடுச்சு.

ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் 1848-ல தொடங்கினதுன்னு ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். ஒருத்தரும் கேட்கலை. அவங்க பூவைப் பார்க்கலைங்க. ஏரிக்கரையில சவாரிக்கு நிக்கிற குதிரையோட குளம்பைக் குனிஞ்சு பார்த்தாங்க. ரோட்டுல படுத்திருந்த நாயைப் பார்த்து, "இதுக்குக் கருத்தடை ஆயிடுச்சு"ன்னு ஜெர்மனிக்காரம்மா சொன்னாங்க. எப்படின்னு கேட்டா, காது நுனியில இருந்த சின்ன வெட்டைக் காட்டினாங்க. ஆபரேஷன் பண்ணின அடையாளமாம். நம்ம காலேஜ் கேண்டீன் வாசல்ல படுத்திருக்கிற ரெண்டு நாய்க்கும் அந்த வெட்டு இருக்கு. மூணு வருஷமா யாரோ கடிச்சு வெச்சதுன்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன்.

ரெண்டாம் நாள் கூடலூர் வழியா முதுமலை. காட்டு ரோட்டுல வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ராத்திரி 9 மணியிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் போகவே கூடாதுன்னு நான் மைக்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள, முன்னாடி போன ஒரு கார்லேர்ந்து குரங்குக்கு சிப்ஸ் பாக்கெட் பறந்துச்சு. பஸ்ஸுக்குள்ள 19 பேரும் ஒரே நேரத்துல "ச்"னு சத்தம் கொடுத்தாங்க. எனக்கு மானமே போச்சு.

சஃபாரியில புலி வரலை. மான், மயில், தூரத்துல நாலு காட்டு மாடு, அவ்வளவுதான். நீங்களும் நானும்னா காசு போச்சேன்னு புலம்பியிருப்போம். இவங்க தெப்பக்காடு யானை முகாமுக்குப் போனதும் முதல்ல போட்டோ எடுத்தது எதை தெரியுமா? லத்தியை! ஒருத்தர் குச்சியால அதைப் பிரிச்சே பார்த்தார். நார் எவ்வளவு நீளமா வெளியே வருதுன்னு பார்த்தா, யானையோட கடைவாய்ப்பல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடுமாம். சரியா மெல்லலைன்னா நார் நீளமா வருமாம். வாயைத் திறக்காமலேயே பல் டெஸ்ட்!

சாயங்காலம் யானைகளுக்குச் சாப்பாட்டு நேரம். ராகி, கொள்ளு, வெல்லம் எல்லாம் கலந்து தலையணை மாதிரி உருட்டி வாயில ஊட்டுறாங்க. நம்ம ஆளுங்க கேள்வி மேல கேள்வி. பாகன் ஒரு அண்ணன், பக்கத்துல அவரோட உதவியாள். அங்கே உதவியாளைக் காவடின்னு சொல்றாங்க. நடுவுல நான்தான் மொழிபெயர்ப்பு. "உடம்பு சரியில்லைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"ன்னு ஆஸ்திரேலியா டாக்டர் கேட்டார். பாகன் அண்ணன் யோசிக்கவே இல்லை. "காது ஆட்டுறதுல தெரியும், நிக்கிறதுல தெரியும். நகத்துக்கு மேல ஈரம் இருக்கான்னு தொட்டுப் பார்ப்பேன். வேர்வை அங்கதான் வரும்" என்றார். அதை நான் இங்கிலீஷ்ல சொன்னதும் ரெண்டு பேர் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க. கருத்தரங்குல கூட அவங்க இப்படி எழுதியிருப்பாங்களான்னு தெரியலை.

ஜெயமோகனோட 'யானை டாக்டர்' கதையை நம்மள்ல நிறைய பேர் படிச்சிருப்போம். அந்தக் கதைக்கு ஆதாரமான டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி நிஜமா வாழ்ந்தவர். காட்டுல செத்துக் கிடக்கிற யானையைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணியே ஆகணும்னு நின்னவர். நம்ம பாஷையில சொன்னா ஃபெயிலியர் அனாலிசிஸ். உடைஞ்ச ஷாஃப்டைப் பார்க்காம புதுசு போட்டா மறுபடியும் உடையும்ல, அதே கதைதான். இதை பஸ்ல நான் எடுத்து விட, நேபாள டாக்டர் என் பக்கத்து சீட்டுக்கே வந்து உட்கார்ந்துட்டார். வயசு அறுபது இருக்கும். அதிகம் பேசாத மனுஷன்.

மூணாம் நாள் காலை மசினகுடியில தங்கியிருந்த இடத்து முற்றம். மணி பத்து இருக்கும். எல்லாரும் பெட்டியை ஏத்திட்டு இருக்கோம். அவர் மட்டும் பைனாகுலரோட வானத்தையே பார்த்துட்டு நின்னார். "ஏழு"ன்னார். எட்டிப் பார்த்தேன். ரொம்ப மேல, இறக்கையை அசைக்காம வட்டம் போட்டுட்டு இருந்துச்சு. வெண்முதுகுப் பாறு. பிணந்தின்னிக் கழுகுன்னு நாம சொல்றதுதான். வெயில் ஏறி, சூடான காத்து மேல கிளம்பினாத்தான் அதுங்க கிளம்புமாம். மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் இன்னும் கூடு கட்டுதாம்.

அங்கேயே நின்னு அவர் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். தொண்ணூறுகள்ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் எங்கேயும் பாறுகள் கொத்துக் கொத்தாச் செத்துச்சு. இந்தியாவில இந்த வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல காணாமப் போச்சு. ஏதோ புது வைரஸ்னு தேடிட்டு இருந்தாங்க. லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை மருத்துவரும் அவரோட குழுவும் பாகிஸ்தான்ல செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தாங்க. உள்ளுறுப்பு மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம். கிட்னி போயிருக்கு. காரணம் டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலி, வீக்கத்துக்குப் போடற ஊசி. ஊசி போட்ட ரெண்டொரு நாள்ல மாடு செத்தா, அந்தக் கறியைத் தின்ன பாறு போயிடும். 2004-ல கட்டுரை வந்துச்சு. 2006-ல இந்தியாவில மாட்டு மருந்தாத் தடை பண்ணிட்டாங்க. ஆனா மனுஷங்களுக்கான ஊசி கடையில இருக்கே! நூறு மாட்டுல ஒண்ணுல மருந்து இருந்தாலே போதும், கூட்டம் அழிஞ்சிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை போடற பறவை அது.

மருந்துப் பேரைக் கேட்டதும் எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பண்ணுச்சு.

எங்க ஊர் பவானிசாகர் பக்கம். நான் பத்தாவது படிக்கும்போது எங்க செவலைப் பசுவுக்கு முன்னங்கால் முட்டி வீங்கி எந்திரிக்க முடியலை. ஊர்ல ஊசி போடற ஒருத்தர் வந்தார். டாக்டர் இல்லை, கைப்பழக்கம். ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தார். சைக்கிள்ல போய் மெடிக்கல்ல வாங்கிட்டு வந்தது நான்தான். 3 மில்லி ஆம்பியூல், மனுஷங்களுக்குப் போடறது. அந்தப் பேரு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா அப்புறம் அம்மாவுக்கு முதுகுவலி வந்தப்பவும் அதே ஊசிதான் போட்டாங்க.

பஸ் கிளம்பிடுச்சு. நான் மைக்கைத் தொடவே இல்லை. இலங்கையிலேர்ந்து வந்திருந்த டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துக்காரங்க, பேராதனையில படிச்சவங்க, பின்னாடியிலேர்ந்து "என்ன தம்பி, ஒண்டும் பேசாமல் இருக்கிறீர்?"னு கேட்டாங்க. அவங்ககிட்ட தமிழ்ல சொல்றது சுலபமா இருந்துச்சு. சொன்னேன். அவங்க மெதுவா நேபாள டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாங்க.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கடைசி ஊசிக்கும் சாவுக்கும் நடுவுல எத்தனை நாள்?

சாயங்காலம் ஊசி. மறுநாள் விடியக்காலையில செவலை செத்துப் போச்சு. அப்பாவும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் டிராக்டர்ல கட்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காட்டு ஓரத்துப் பள்ளத்துல போட்டுட்டு வந்தாங்க. நானும் போனேன். திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு அப்பா சொன்னார். பார்க்கலை.

அவர் "பரவாயில்லை, நீ சின்னப் பையன்"னு சொல்வார்னு எதிர்பார்த்தேன். சொல்லலை. ஜன்னல் பக்கம் பார்த்துட்டே, "நானும் போட்டிருக்கேன்" என்றார். தடைக்கு முன்னாடி அவரோட பையில எப்பவும் அதுதான் இருக்குமாம். விலை குறைவு, நொண்டின மாடு மறுநாள் எழுந்து நடக்கும், விவசாயி கையெடுத்துக் கும்பிடுவான். "எத்தனை மாடுன்னு கணக்கு வெச்சுக்கலை" என்றார். இப்போ அவர் நாட்டுல வயசான மாடுகளை வாங்கி, அந்த மருந்து இல்லாம வெச்சிருந்து, செத்த பிறகு பாறுகளுக்குப் போடற இடங்கள் இருக்கு. அதுல ஒண்ணுக்குப் பேரே 'ஜடாயு'. அங்கே அவர் அடிக்கடி போவாராம். எதுக்குப் போறார்னு நான் கேட்கலை.

மெலாக்சிகாம்னு ஒரு மருந்து இருக்கு, அது பாறுகளை ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தார். அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ரெண்டும் கூடாது, 2023-ல உங்க நாட்டுல அதையும் மாட்டுக்குத் தடை பண்ணியாச்சுன்னார். ஊர்ல மாடு வெச்சிருக்கிறவங்க இந்தப் பேரையெல்லாம் ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க மக்களே, போன்ல சொல்லிக் கொடுக்கக் கஷ்டமா இருக்கு. எப்படித் தெரியும்னா, கோயம்புத்தூர்ல எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசித் தலையை எண்ணி முடிச்சதும் நான் வீட்டுக்குத்தான் போன் போட்டேன்.

"அப்பா, இப்ப இருக்கிற எருமைக்கு என்ன ஊசி போடறாங்க?"

"ஏன்டா, டூர் போனவன் எருமையைக் கேட்கிற?"

"சொல்லுங்கப்பா."

தொழுவத்துப் பக்கம் நடந்து போற சத்தம் கேட்டுச்சு. மாடத்துல கைவிட்டுத் துழாவுறார். கண்ணாடிச் சத்தம்.

"காலி பாட்டில் ஒண்ணு கிடக்குது. எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குடா. நீ ஞாயித்துக்கிழமை வர்றீல்ல, வந்து பாரு."