முன்சீப்பின் வேதம்

மயிலாடுதுறை

அன்பு மகள் ஜெசிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ சம்பளக் கணக்கு எழுதும் இடத்தில், புதிதாக வந்த வேலையாட்களின் நேரத்தில் கால் மணி, அரை மணி குறைத்துப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பூசையில் நிற்கும்போதும் அதுவே நெஞ்சை அறுக்கிறது, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். இதே ஊரில் நீதிபதியாக இருந்து வேதத்தைக் கடைப்பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை, 1879-இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று பள்ளியில் படித்திருப்பாய். அவர் 1826-இல் திருச்சிக்குப் பக்கம் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857-இல் தரங்கம்பாடிக்கு முன்சீப்பாகப் போனார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம், அதாவது நம் மயிலாடுதுறை.

நிலத் தகராறு, கடன், பாகப்பிரிவினை என்று சிவில் வழக்கோடு வரும் குடியானவன் ஏறும் முதல் படி முன்சீப் கோர்ட்டு. அவன் தலையெழுத்தை முடிவு செய்யும் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளோ இங்கிலீஷில் கிடந்தன. தனக்கு என்ன உரிமை உண்டு என்று தெரியாதவன், தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறவன் கையில் காசைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பான். லஞ்சம் வளர்வதற்கு இதைவிட நல்ல மண் வேண்டியதில்லை.

அந்த மண்ணில் நின்றுகொண்டு பிள்ளை இரண்டு காரியம் செய்தார். 1859-இல் வெளியிட்ட ‘நீதிநூல்’ என்ற செய்யுள் நூலில், கைக்கூலியை, அதாவது லஞ்சத்தைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பதவியில் இருக்கும்போதே, தன்னைப் போல் பதவியில் இருப்பவர்களைப் பார்த்துச் சொன்னது அது. அப்படி எழுதியவரை ஊர் முழுக்க உற்றுப் பார்க்கும். தன் நடையில் ஒரு சறுக்கல் வந்தாலும் அந்த நூலே அவருக்கு எதிர்சாட்சி ஆகிவிடும். தெரிந்தே எழுதினார்.

இரண்டாவது காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1805 முதல் 1861 வரை வந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று புத்தகமாக்கினார். தான் வாங்காமல் இருந்தால் போதும் என்று அவர் நிற்கவில்லை. எளியவன் எதனால் ஏமாறுகிறான் என்று பார்த்து, அந்தக் காரணத்திலேயே கை வைத்தார்.

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குத் தன் பொருளை வாரிக் கொடுத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் தேவமாதா அந்தாதி பாடிய கிறிஸ்தவரை வாயாரப் புகழ்ந்தார் என்றால், கண்முன் நடந்த வாழ்க்கைதான் காரணம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். வரி வசூலிப்பவர்களும் படைவீரர்களும் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டு ஓடிப்போங்கள் என்று அவர் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் தண்டாதே, யாரையும் மிரட்டிப் பறிக்காதே, உன் கூலி போதும் என்று இரு என்கிறார். பிள்ளை கோர்ட்டில் வாழ்ந்து காட்டியது அந்தப் புத்திமதியைத்தான்.

ஆகவே அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதே. உள்ள நேரத்தை உள்ளபடி எழுது. குறைக்கச் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேள். அந்த வேலையாட்களில் மொழி தெரியாதவர்கள் இருப்பார்கள்; சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, எத்தனை மணிக்கு எவ்வளவு வரவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடு. உன் கை சுத்தமாக இருப்பது பாதிக் காரியம். அவர்களுக்குக் கணக்குப் புரிவது மீதிப் பாதி. இதனால் வேலை போகுமானால் போகட்டும். நம் வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

‘நீதிநூல்’ பிரதி ஒன்று தபாலில் வருகிறது. கைக்கூலி அதிகாரத்தை முதலில் படி.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
பெரியப்பா