ஃபேன் அப்பா!

"அப்பா!"

குழந்தைக் குரல். சட்டென்று திரும்பிவிட்டேன். நான் நின்றிருந்தது மயிலாப்பூர் மாடவீதியில் இல்லை சார்... சியோலில்! இத்தனைக்கும் சென்னையில் விட்டுவிட்டு வந்த என் பையனுக்கு எட்டு மாசம்தான். இன்னும் பேச்சே வரவில்லை!

ஊருக்கு நடுவே ஓடும் சோங்கேசோன் ஓடைக்கரை. இதன் மேலே கார்கள் பறந்த மேம்பாலத்தை இடித்துவிட்டு, 2005-ல் ஓடையை மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த கற்களில் தாவி வந்த வாண்டு கை நீட்டியது எனக்கல்ல... அவனுடைய அப்பாவுக்கு. அசடு வழிந்தேன்.

கொரிய மொழியில் அப்பா, 'அப்பா'தான். அம்மா, 'ஓம்மா'. நமக்குத்தான் சும்மா இருக்க முடியாதே! கூட வந்த கொரிய நண்பரிடம், "பாத்தீங்களா, உங்க மொழியே தமிழ்லேர்ந்து வந்ததுதான்!" என்று அளந்தேன்.

மனுஷர் அசரவில்லை. "ஹீப்ரூவிலும் கிட்டத்தட்ட 'அப்பா'தானே? ஜார்ஜியா நாட்டில் அப்பாவை 'மாமா' என்கிறார்கள். அம்மா, 'தேதா'. அதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்றார். நான் கப்சிப்!

ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1960-லேயே இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார். குழந்தைக்குச் சுலபமாக வருவது உதட்டை மூடித் திறக்கும் 'ம'வும் 'ப'வும். அது பாட்டுக்கு உளறும். 'என்னைத்தான் கூப்பிடுது' என்று பெற்றோர் பட்டா போட்டுக்கொள்கிறார்கள்! பால் குடிக்கிற குழந்தை மூக்கால் முனகுவது 'ம்...' என்றுதான். அதனால் 'ம' பெரும்பாலும் அம்மாவுக்கு. ஜார்ஜியாவிலோ அப்பா முந்திக்கொண்டார்! ஆக, சொல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மொழிகள் பங்காளிகளாகிவிடாது.

ராத்திரி வீட்டுக்கு போன் போட்டேன்.

"ஏங்க, குட்டி இன்னிக்கு 'அப்பா'ன்னுட்டான்!"

"யாரைப் பார்த்து?"

ஒரு விநாடி மௌனம். "...ஃபேனைப் பார்த்து."

யாகப்சன் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டார். விழுங்கிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லேன்..." என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.