அஷீலின் குதிகாலும் என் குதிகாலும்

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தேன். வலது குதிகாலுக்கு மேலே கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரு வலி, கெண்டைக்கால் வரை ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்த பிறகுதான் தளர்ந்தது.

"எழுபத்து நாலு வயசுல வலிக்காம என்ன செய்யும்?" என்று வீட்டம்மா தைலத்தை எடுத்து வந்தாள்.

தைலமும் வெந்நீர் ஒத்தடமும் ஒரு வாரம் ஓடின. ஸ்ரீரங்கம் உத்தர வீதியைச் சுற்றி வரும் என் மாலை நடை நின்றுபோனது. ரிட்டையர் ஆன குமாஸ்தாவுக்கு அதுதான் ஆபீஸ். அது இல்லாமல் வீட்டில் எல்லாரையும் குறை சொல்ல ஆரம்பித்தேன்.

நண்பர் ஒருவர் தில்லைநகரில் அக்குபங்சர் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இதைக் கற்றவர். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் போய், அங்கிருந்து ஆட்டோ.

காலை அழுத்திப் பார்த்து, "அக்கிலிஸ் டெண்டன் சார்" என்றார்.

"எங்களுக்கு அவன் அஷீல்" என்றேன். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். குழந்தையை ஸ்டிக்ஸ் நதியில் முக்கியெடுத்த தாய், பிடித்திருந்த குதிகாலை மட்டும் நனைக்காமல் விட்ட கதையை வாத்தியார் நடித்தே காட்டுவார். நம் கண்ணனுக்கும் வேடனின் அம்பு பாதத்தில்தானே பட்டது!

ஊசி தலைமுடி மாதிரி மெல்லிசு. கெண்டைச் சதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்று. அதற்கு செங்ஷான் என்று பெயராம். வெளிக் கணுக்காலுக்கும் டெண்டனுக்கும் நடுவில் ஒன்று. அது குன்லுன், சீனத்து மலைத்தொடரின் பெயர். எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது, பிறகு கனமாக ஒரு மதமதப்பு. இருபது நிமிஷம் அப்படியே படுக்கை. டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தார். 1938-ல் கோட்னிஸோடு சீனா போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பி.கே.பாசுதான், பின்னாளில் மறுபடி அங்கே போய் இதைக் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினாராம்.

அன்றிரவு வலி பாதிதான். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை.

மூன்றாம் தடவை ஊசியைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். "சார், சமீபத்துல என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

மார்கழிக் குளிரில் வீசிங் வந்து ஒரு டாக்டர் ஸ்டீராய்டு எழுதியிருந்தார். அதைச் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லத் தயங்கினேன். நீர்க்கடுப்புக்கு முன்பு ஒரு டாக்டர் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, நானே கடையில் சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பட்டை முடிந்து, இரண்டாவதில் நாலு மாத்திரை பாக்கி.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வகை ஆன்டிபயாடிக் டெண்டனைப் பாதிக்கலாம், சிலருக்கு அறுந்தே போகலாம்; அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அபாயம் அதிகம் என்றார். அமெரிக்காவில் 2008-லேயே அந்த மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு வியர்த்தது. அடுத்த நாள் சங்கடஹர சதுர்த்தி. வலியைப் பொறுத்துக்கொண்டு மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரிடம் ஏறுவதாக இருந்தேன்.

"என் ஊசி வலியைக் குறைக்கும். காரணத்தை எடுக்காது. இன்னிக்கே உங்க டாக்டரைப் பாருங்க. ஸ்டீராய்டை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவன் நான். ஒரே விஷயத்துக்கு இரண்டு கோப்பு ஓடினால் இரண்டையும் இணைத்து வை என்று ஜூனியர்களைத் திட்டியிருக்கிறேன். என் உடம்புக்கே இரண்டு கோப்பு, இணைக்கும் குறிப்பு இல்லை. தவறு டாக்டர்களுடையதல்ல, பழைய சீட்டை வைத்துக்கொண்டு நானே டாக்டரானதுதான்.

மாத்திரை மாறியது. ஒரு மாதம் ஓய்வு. பிறகு சொல்லிக்கொடுத்தபடி, மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி. ஊசியும் இடையிடையே உண்டு. குத்திய அன்று தூக்கம் நன்றாக வருகிறது.

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதி இப்போது சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எழுபதைத் தாண்டிய நண்பர்கள் இன்றே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று உத்தர வீதியில் முக்கால் சுற்று முடித்தேன். பாக்கி கால், அடுத்த வாரம்.