அக்கா இளைத்த கதை

என் அக்கா ஆறே மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தாள். இத்தனைக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட்டவளில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்துபோய், மீந்த இட்லி இருக்கிறதா என்று ஃப்ரிட்ஜைக் குடைவாள். தெருப் பெண்களுக்கு ஒரே பொறாமை. எதிர்வீட்டு அம்மாள், "கொள்ளு ரசமா? சும்மா சொல்லு!" என்று துருவினார்.

கூடவே சில உபரிச் சமாச்சாரங்கள். மார்கழிக் குளிரில் மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். காபி டம்ளரை நீட்டினால் கை நடுங்கும். அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை திரும்பி வரும். இதையெல்லாம் வியாதி என்று யார் நினைத்தார்கள்? செயின் மாட்டும்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

ரத்தப் பரிசோதனையில் டி3, டி4 இரண்டும் எகிறியிருந்தன. டி.எஸ்.ஹெச். பாதாளத்தில். நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் ஹெட் ஆபீஸ். கழுத்திலிருக்கும் தைராய்டு ஒரு கிளை. 'சரக்கு போதவில்லை, அனுப்பு' என்று ஹெட் ஆபீஸ் போடுகிற கடிதம்தான் டி.எஸ்.ஹெச். கடிதத்துக்கே காத்திராமல் கிளையில் ஒரு குமாஸ்தா தன்னிஷ்டத்துக்குச் சரக்கைத் தயாரித்துத் தள்ளினால்? ஹெட் ஆபீஸ் கடிதம் போடுவதையே நிறுத்திவிடும். அதுதான் நடந்திருந்தது.

குமாஸ்தாவை அடையாளம் காட்ட ஸ்கேன். டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். கட்டி மட்டும் கன்னங்கரேலென்று தெரிந்தது. மிச்ச சுரப்பி வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கட்டிக்கு 'ஹாட் நாட்யூல்', அதாவது சூடான கட்டி என்று பெயர். (தொட்டால் சுடாது. தொட்டுப் பார்த்தேன்.)

டாக்டர் சொன்னார்: "சூடான கட்டியில கேன்சர் இருக்கறது ரொம்ப அபூர்வம். மருந்தை இழுக்காத குளிர்ந்த கட்டியைத்தான் அதிகமா சந்தேகப்படுவோம். ஆனாலும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துடலாம்."

மூன்று வாக்கியம். நான் முதல் வாக்கியத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உறவுக்காரர்கள் பதினேழு பேருக்கு போன் போட்டு, "கேன்சர் இல்லே!" என்று தீர்ப்பு வாசித்தேன். ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு ஒளிந்திருக்கலாம் என்று காலேஜில் முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். அன்றைக்கு நான் மாட்னி ஷோ போயிருக்க வேண்டும்.

அக்காவுக்கும் சௌகரியமாகப் போயிற்று. கார்பிமசோல் மாத்திரையில் நடுக்கம் அடங்கியது. அல்ட்ராசவுண்டைப் பொங்கலுக்கு அப்புறம், பையன் பரீட்சைக்கு அப்புறம் என்று தள்ளினாள். "அவசரமே இல்லைக்கா" என்று ஒத்து ஊதியது நான்தான். ஐந்து மாதம் ஓடிற்று. நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாகிவிட்டது.

அல்ட்ராசவுண்டில் கட்டியின் ஓரங்கள் ஒழுங்காக இல்லை. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். "ஃபாலிக்குலர் வகை. சாதுவா, போக்கிரியான்னு ஊசியை வெச்சுச் சொல்ல முடியாது. கட்டியை முழுசா எடுத்து, அது தன்னோட உறையைத் தாண்டியிருக்கா, ரத்தக்குழாய்க்குள்ள நுழைஞ்சிருக்கான்னு மைக்ராஸ்கோப்பில பார்க்கணும்" என்றார் சர்ஜன்.

எடுத்தார்கள். பார்த்தார்கள். இரண்டையும் செய்திருந்தது.

அடுத்து என்ன என்று கேட்டபோது, கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பழைய கதை கிடைத்தது. நியூயார்க் மான்ட்டிஃபியோர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி. 1923-லேயே தைராய்டை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் பல வருஷம் கழித்து, தைராய்டு ஹார்மோன் மிதமிஞ்சிப்போன அத்தனை அடையாளங்களும் அவருக்கு! சுரப்பியே இல்லாதவருக்கு ஹார்மோன் எங்கிருந்து? உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவியிருந்த புற்றுநோய்தான் கடை விரித்துச் சரக்கு தயாரித்துக்கொண்டிருந்தது. தைராய்டுச் சரக்குக்கு அயோடின் வேண்டுமே! 1943-ல் டாக்டர் சைட்லின் அதற்குக் கதிரியக்க அயோடினைக் கொடுக்க, பேராசையோடு குடித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 1946-ல் இது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. உழைக்கிற புற்றுநோயில் இப்படியும் ஒரு அனுகூலம்.

"ஐந்து மாசம் முன்னாடியே வந்திருந்தா...?" என்று டாக்டரிடம் இழுத்தேன். அவர் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இனிமே சொல்ற தேதிக்கு வாங்க."

வார்டில் அக்கா கழுத்துக் கட்டோடு படுத்திருந்தாள். குரல் கரகரத்தது.

"ஏண்டா, அந்தப் பதினேழு பேருக்கும் திரும்ப போன் பண்ணிட்டியா?"

"பதினாறு பேருக்குப் பண்ணிட்டேன்கா."

பதினேழாவது அம்மா. அக்கா வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.