அலமாரியில் இருந்த பாதி பாட்டில்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை நானே பார்த்துக்கொள்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன், தை மாத அறுவடையின்போது நெல் தூற்றும் இடத்தில் நின்றிருந்தேன். வலது கண்ணில் ஏதோ விழுந்தது. உமியாகத்தான் இருக்கும். கழுவியும் உறுத்தல் போகவில்லை.

மறுநாள் கண் சிவந்துவிட்டது. மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து, பாதி பாட்டில் அலமாரியில் இருந்தது. "அது எனக்குக் கொடுத்ததுங்க, உங்களுக்கு எதுக்கு?" என்றாள். கண் மருந்துதானே என்று எடுத்து விட்டுக்கொண்டேன். இரண்டு நாள் சுகமாக இருந்தது. ஐந்தாம் நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து போட்டீங்க ஐயா?" என்று கேட்டார் டாக்டரம்மா. பாட்டிலை நீட்டினேன். "இது ஸ்டீராய்டு. உங்க கண்ணுல இருக்கறது பூஞ்சைப் புண். பயிருக்கு எரு போட்ட மாதிரி நீங்களே பூஞ்சையை வளர்த்திருக்கீங்க" என்றார்.

நேட்டாமைசின் சொட்டு, மணிக்கொரு முறை. புண் ஆற வாரக்கணக்கானது. கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. சில மாதங்களில் அந்தத் தழும்பை நோக்கிச் சிவப்பு நூல்கள் ஊர ஆரம்பித்தன.

கருவிழியை மூடியிருக்கும் கார்னியாவில் ரத்தக் குழாய்களே கிடையாதாம். அதனால்தான் அது கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. புண்ணோ வீக்கமோ வந்தால் உடம்பு உதவிக்கு ரத்தக் குழாய்களை அனுப்புகிறது. வந்த விருந்தாளி திரும்பிப் போகாவிட்டால் பார்வை மங்கும். பிறகு மாற்றுக் கார்னியா வைத்தாலும் உடம்பு அதை ஏற்காமல் தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம்.

பூஞ்சை முழுக்க ஒழிந்தது என்று உறுதியானபின் அவர் எழுதிக்கொடுத்த மருந்தைப் பார்த்துத் திகைத்தேன். அதே ஸ்டீராய்டு!

"அன்னைக்கு விஷம், இன்னைக்கு மருந்து. வீக்கம் அடங்கினா குழாய் வளர்றதும் அடங்கும். ஆனா சும்மா விட முடியாது, கண் அழுத்தம் ஏறும்" என்றார். அப்படியே நடந்தது. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் எனக்கு 28 ஆனது. மாதந்தோறும் பரிசோதனைக்குப் போனதால் தெரிந்தது. வலியே இல்லாததால் வீட்டிலிருந்தபடி நான் அறிந்திருக்கவே முடியாது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, அழுத்தத்துக்குத் தனிச் சொட்டு கொடுத்தார்.

அடுத்து பெவாசிசுமாப் என்ற ஊசி. பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ரத்தக் குழாய்களை 'வளரு' என்று தூண்டும் புரதத்தை அது கட்டிப்போடுகிறது. கண்ணுக்கென்று அனுமதி பெற்றதல்ல என்பதை விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கண்ணின் வெள்ளைப் பகுதியில், மேல்தோலுக்கு அடியில் துளியூண்டு போட்டார்கள்.

புதிதாக முளைத்த நூல்கள் வற்றிவிட்டன. முற்றிப்போன இரண்டு அப்படியே இருக்கின்றன. அந்தக் கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. பேப்பர் படிப்பது இடது கண்ணால்தான்.

உமியை நான் குறை சொல்வதில்லை. நண்பர்களே, உங்கள் அலமாரியிலும் பாதி பாட்டில் ஏதாவது இருக்கும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்க் குப்பையில் போட்டுவிடுங்கள்.