அன்னம்மாள் ஊரில் ஒரு மெழுகு அடுப்பு

பட்டர்வொர்த்தில் கம்யூட்டர் ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாம் கொஞ்ச நேரப் பயணம்தான். மற்ற நாட்களில் சாதாரணமாக இருக்கும் இந்த ஊர், ஜூலை 26ஐ ஒட்டி ஆளே மாறிவிடும். புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிறார்கள். நேர்த்திக்கடன் வைத்த இந்துக்களையும் கூட்டத்தில் பார்க்கலாம். பவனி இரவில் எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி.

குன்றின்மேல் உள்ள பழைய ஆலயம் 1888இல் கட்டப்பட்டது. அவசரகாலத்தில் மூடிக் கிடந்தது. மினாங்கபாவ் பாணிக் கூரையோடு நிற்கும் பெரிய ஆலயம் 2002இல் வந்தது.

இந்த முறை நான் போனது திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு, ஜாலான் கூலிமை அடுத்த ஒரு தாமானில் இருக்கும் என் நண்பனின் அக்காவைப் பார்க்க. பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 19 ஆண்டு வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வேலை போனது. கிடைத்த தொகையில் ஒரு பங்கை மெழுகில் போட்டிருக்கிறார். மகள் இன்னும் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

பின்பக்க அடுப்படியில் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் ஒரு அலுமினியக் குவளையில் சோயா மெழுகு உருகிக்கொண்டிருந்தது. நேரடித் தீயில் வைப்பதே இல்லை. "தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக்கூடாது தம்பி, மூடிய போட்டு அமுக்கணும்" என்று முதலில் அதைத்தான் சொன்னார். மூடி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

ஒரு கிலோ மெழுகுக்கு 80 கிராம் வாசனை எண்ணெய். அதிகம் ஊற்றினால் மணம் கூடாது, மெழுகு வியர்க்கும். திரி கண்ணாடிக் குவளையின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெலிந்த திரி என்றால் நடுவில் மட்டும் குழி விழுந்து, ஓரத்து மெழுகு வீணாகும். ஊற்றியதும் விற்க முடியாது. சோயா மெழுகு ஒன்றிரண்டு வாரம் ஆறிக் கிடந்தால்தான் மணம் பிடிக்கும். மூன்று வாரம் முன்பே அடுப்பு எரிவதன் காரணம் அதுதான்.

போன ஆண்டு நடந்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பவனிக்கென்று சோயாவிலேயே கைமெழுகுவர்த்தி வார்த்து, 150 உருப்படியைக் காரின் பின்பெட்டியில் அடுக்கியிருக்கிறார். நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம். திறந்தபோது எல்லாம் வாழைப்பழம்போல் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததாம். சோயா மென்மையானது, குவளைக்குத்தான் சரி. கையில் பிடிக்கும் மெழுகுவர்த்திக்கு உருகுநிலை கூடிய பாரஃபின் வேண்டும். இப்போது இரண்டையும் தனித்தனியாகச் செய்கிறார். கையில் மெழுகு சொட்டாமலிருக்கக் காகிதக் கிண்ணம் மாட்டுவது மகளின் வேலை.

எஸ்எஸ்எம் பதிவையும் முடித்துவிட்டார். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60.

எனக்குக் குறையாகப் பட்டது அவர் கணக்கு நோட்டுதான். மெழுகு, எண்ணெய், திரி, குவளை, பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 9 வெள்ளி அடக்கம், விலை 13 என்று எழுதியிருந்தார். கேஸ் இல்லை. ராத்திரி பன்னிரண்டு வரை நிற்கும் காலுக்கும் கணக்கில்லை.

"உங்க கூலி எங்கக்கா?"

"என் கைக்கு யாரு தம்பி கூலி குடுப்பா?"

தொழிற்சாலையில் ஒரு மணி நேர ஓவர்டைமைக்கூட விடாமல் எழுதி வாங்கியவர் இவர். அதை ஞாபகப்படுத்தினேன். பேசாமல் குவளையில் திரியை நேராக்கினார். விலையை 16 ஆக்கினால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம்தான். திருவிழாக் கூட்டம் நின்று யோசிக்காது.

கிளம்பும்போது மல்லிகை மணக்கும் ஒன்றைப் பையில் வைத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. பிறகு, "சரி, 16 வெள்ளி குடு, யாராச்சும் குடுக்கிறாங்களான்னு பாப்போம்" என்றார். கொடுத்தேன். மகள் நோட்டை எடுத்து எழுதினாள்.

26ஆம் தேதி ராத்திரி அவர்கள் கடை சாலையோரத்தில் இருக்கும். நானும் போகிறேன்.